கருப்பு வெள்ளை மீன்கொத்தி: வெள்ளை வெளுத்து, கருப்பு இருண்டு போகிறது. எங்கே கை வைக்க வேண்டும்?

சூலூர்வாசி

வணக்கம். சிங்காநல்லூர் குளத்தில் எடுத்த படம் இது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து மீனைப் பார்க்கிறது.

விவரம்: 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, 150-600 லென்ஸ், 600 மி.மீ. ஷட்டர் 1/1600 விநாடி, லென்ஸ் துளை எஃப் 6.3. ஒளியுணர்திறனைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓ 800இல் நின்றது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பூஜ்யம், அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை. காலை எட்டரை மணி, வெயில் என் முதுகுக்குப் பின்னால் சற்று இடப்பக்கம். ரா கோப்பாக (சென்சார் பதிந்த தகவல் அப்படியே இருக்கும் கோப்பு) எடுத்து, லைட்ரூம் மென்பொருளில் திருத்தியிருக்கிறேன்.

[படம் 1]

வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் சூப்பர், அருமை என்றார்கள். ஆனால் நல்ல மீன்கொத்திப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் படத்தில் பறவை அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தெரிகிறது. காரணம் பிடிபடவில்லை. படத்தில் இந்த இடம், இந்தக் குறை என்று விரல் வைத்துச் சொல்லுங்கள். கடுமையாகச் சொன்னாலும் பரவாயில்லை.

தாழைக்கோழி

தருணம் நல்ல தருணம். எனக்கு முதலில் பட்டது கண். இந்தப் பறவைக்குக் கண்ணும் கருப்பு, கண்ணைச் சுற்றி ஓடும் பட்டையும் கருப்பு. அதற்குள் ஒரு சின்ன ஒளிப்புள்ளி இருந்தால்தான் கண் எங்கே என்றே தெரியும். உங்கள் படத்தில் அந்தப் பட்டை முழுக்க ஒரே மையாக இருக்கிறது. ரா கோப்பில் ஒளிப்புள்ளி இருக்கிறதா, பாருங்கள். வெயில் பின்னால் இருந்தது என்கிறீர்கள், இருக்க வேண்டும்.

வரப்போரம்

சூலூர்வாசி, விரல் வைக்கச் சொன்னீர்கள், வைக்கிறேன்.

முதலில் மார்பு. தொண்டையிலிருந்து மார்புப் பட்டை வரைக்கும் வெறும் வெள்ளை. ஓர் இறகுகூடத் தெரியவில்லை. இதற்குக் காரணம் பின்னணி. அந்த நேரத்தில் எதிர்க்கரை மர நிழல் தண்ணீரில் விழுந்து கருப்பாக இருந்திருக்கும். சட்டகத்தில் முக்கால்வாசி இருட்டுத் தண்ணீர், நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைப் பறவை. கேமராவின் மீட்டர் அந்த இருட்டைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதாது என்று முடிவு செய்து ஐஎஸ்ஓவை ஏற்றிவிடுகிறது. தண்ணீர் பளிச்சென்று வருகிறது, மார்பு வெந்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம் என்பது ஃபிலிம் காலத்து விதி. ஐஎஸ்ஓ 800க்கு 1/800. எஃப் 6.3க்கு வரும்போது அது 1/5000 பக்கம் போகும். காலை எட்டரை வெயில் உச்சி வெயில் அளவுக்கு இருக்காது, அதனால் 1/3200 என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எடுத்தது 1/1600. சரியாக ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓவை 800லேயே கையால் நிறுத்தி, ஷட்டரை 1/3200க்கு ஏற்றியிருந்தால் மார்பும் தப்பித்திருக்கும், இறக்கை நுனியும் இன்னும் தெளிவாக நின்றிருக்கும். வெயில் மாறாத வரைக்கும் மேனுவலில் வைத்துவிடுங்கள். பறவை இருட்டுத் தண்ணீருக்கு முன்னால் இருந்தாலும் வானத்துக்கு முன்னால் போனாலும் அதன் மேல் விழும் வெயில் ஒன்றுதானே? மீட்டர் ஏன் மாற வேண்டும்?

கேமராவில் வெளுத்த இடம் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை இருக்கும். அதைப் போட்டு வையுங்கள். குளத்துக்குப் போனதும் உண்ணிக்கொக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள். கொக்கு சிமிட்டாத அளவுக்கு ஷட்டரை ஏற்றினால் அன்றைக்குக் காலை மீன்கொத்திக்கும் அதுதான் அளவு.

இரண்டாவது, வெட்டிய விதம். பறவையைச் சட்டகத்தின் நடுவில் வைத்து நாலு பக்கமும் நெருக்கி வெட்டியிருக்கிறீர்கள். ஆனால் அது பார்ப்பது கீழே. அதன் கவனம் முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது. மேலே இருக்கும் இடத்தைக் குறைத்து, கீழே தாராளமாக விடுங்கள். நின்ற வாக்கில் 4:5 இதற்குப் பொருந்தும்.

மூன்றாவது, தலைக்குப் பின்னால் ஒரு வெளிர்க் கோடு குறுக்கே போகிறது. எதிர்க்கரைச் சுவராக இருக்கலாம். இதை எடுக்கும்போதுதான் தவிர்க்க முடியும். பறவைப் படம் என்றாலே தரையோடு தரையாகப் படுத்து எடு என்று எல்லோரும் சொல்வார்கள். வாத்து, உள்ளான், தாழைக்கோழிக்கு அது சரி. பறந்து நிற்கும் மீன்கொத்திக்கு அது எதிராக வேலை செய்யும். நீங்கள் தாழ்ந்தால் பறவைக்குப் பின்னால் எதிர்க்கரையும் கட்டடமும் வானமும்தான் வரும். கரைமேல் நின்று எடுத்தால் பின்னணியில் தண்ணீர் வரும். இன்னொன்றும் கவனியுங்கள். இது பெரும்பாலும் ஒரே மூச்சில் பாயாது. மேலே நின்று பார்க்கும், சட்டென்று கொஞ்சம் இறங்கி மறுபடியும் நிற்கும், அப்புறம்தான் பாயும். அந்த இரண்டாவது நிறுத்தத்துக்குக் காத்திருங்கள். சுவர்க்கோடு மேலே போய்விடும், பறவையும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும்.

கரைமேடு

வரப்போரம் அக்கா, இறக்கை நுனி அசைந்திருப்பது எனக்குக் குறையாகப் படவில்லை. தலையும் அலகும் கூர்மையாக இருக்கின்றன, இறக்கை கொஞ்சம் கலைந்திருக்கிறது. அதில்தான் அது சிறகடித்து நிற்கிறது என்பதே தெரிகிறது. எல்லாவற்றையும் 1/4000இல் உறைய வைத்தால் நூலில் கட்டித் தொங்கவிட்டது மாதிரி ஆகிவிடும்.

வரப்போரம்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. சிறகடித்து நிற்கும்போது உடல் ஆடினாலும் தலை அசையாது, அதனால்தான் 1/1600லும் தலை கூர்மையாகக் கிடைத்திருக்கிறது. நான் 1/3200 சொன்னது முக்கியமாக மார்புக்காக. இறக்கை அசைவு வேண்டும் என்றால் 1/1600ஐ வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை 400க்கு இறக்கலாம். வெளிச்சக் கணக்கு ஒன்றுதான்.

பிக்சல்பாண்டி

எடுத்த விதத்தை அக்கா சொல்லிவிட்டார். நான் திருத்தத்துக்கு வருகிறேன். அட்டையில் ஒட்டியது போல என்று எழுதியிருந்தீர்களே, அதற்குக் காரணம் திருத்தத்தில்தான் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கி அலகின் மேல் ஓரத்தைப் பாருங்கள். கருப்பு அலகைச் சுற்றி ஒரு வெள்ளை இழை ஓடுகிறது. அதே இழை உச்சிக் கொண்டையிலும் இருக்கிறது. ஓரங்களைக் கூராக்கும் ஷார்ப்பனிங்கை மிகவும் ஏற்றியிருக்கிறீர்கள், மேலே கிளாரிட்டியும் சேர்ந்திருக்கிறது. வாலுக்கும் இறக்கைக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி இருக்கிறது, பாருங்கள். அங்கே தண்ணீர் மற்ற இடத்துத் தண்ணீரைவிட வெளிச்சமாக இருக்கிறது. பறவையைத் தானாகத் தேர்வு செய்யும் மாஸ்க் போட்டு வெளிச்சம் ஏற்றினீர்கள், மாஸ்க் அந்த இடைவெளியையும் பறவை என்று எடுத்துக்கொண்டது. சரியா?

பின்னணியில் நாய்ஸை (மணல் போன்ற புள்ளிகளை) முழுக்க வழித்துவிட்டீர்கள். தண்ணீர் பிளாஸ்டிக் தாள் மாதிரி இருக்கிறது, பறவை மட்டும் மணல் மணலாக இருக்கிறது. இரண்டும் ஒரே படத்தில் எடுத்தவை என்று கண் நம்ப மறுக்கிறது.

இன்னொரு சந்தேகம். படம் 2048 பிக்சல் அகலத்தில் இருக்கிறது. ஆனால் விவரத்தைப் பார்த்தால் அவ்வளவு பெரிய வெட்டு இல்லை. 6000 பிக்சல் அகலப் படத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு போல வெட்டி எடுத்து, ஏற்றுமதியில் 2048க்கு இழுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாத விவரத்தை இழுத்தால் மங்கும், மங்குகிறதே என்று ஷார்ப்பனிங் ஏற்றினால் அந்த வெள்ளை இழை வரும். 1200க்குக் குறைத்துப் போடுங்கள். சின்னப் படம்தான், ஆனால் அத்தனையும் உண்மையான விவரமாக இருக்கும்.

ரா கோப்பைத் தர முடியுமா?

சூலூர்வாசி

எல்லாருக்கும் நன்றி. பாண்டி சார், அந்த முக்கோணம் நீங்கள் சொன்ன மாஸ்க்தான். வெட்டு 1480 பிக்சல். ரா கோப்பு இணைப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறது தாழைக்கோழி. கான்ட்ராஸ்ட் ஏற்றியதில் மறைந்திருக்கிறது.

ஒரு கேள்வி. 4:5இல் வெட்டினால் இடது கீழ் மூலையில் நாணல் தண்டு ஒன்று உள்ளே வருகிறது. அதை அழித்துவிடலாமா?

கரைமேடு

தாராளமாக அழியுங்கள். பறவையைத் தொடவில்லை, மூலையில் கிடக்கும் ஒரு தண்டு. பார்ப்பவர் கண் அங்கே போகாமல் இருப்பதுதான் முக்கியம்.

வரப்போரம்

நான் அழிக்கச் சொல்ல மாட்டேன். இந்தப் பறவை எந்த மாதிரி இடத்தில் மீன் பிடிக்கிறது என்பதற்கு அந்த நாணலும் ஒரு சாட்சி. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் ஏற்றப்போகும் படம் என்றால் இன்னும் கறாராக இருப்பேன். அங்கே ஏற்றும் படம் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்துக்குப் போகிறது. பின்னாளில் ஓர் ஆய்வாளர் நம் படத்தைத் திறந்து இறகு உதிர்வையோ வாழிடத்தையோ பார்க்கலாம். வெளிச்சம் சரிசெய்யலாம், வெட்டலாம். எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

பிக்சல்பாண்டி

போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தாலும் கை வைக்காதீர்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் வெட்டலாம், வெளிச்சம், நிறம் சரிசெய்யலாம், சென்சார் தூசியை எடுக்கலாம். செடியின் ஒரு பகுதியைக்கூட நீக்கக் கூடாது. கடைசிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு ரா கோப்பை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வீட்டுச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றால் அது உங்கள் விருப்பம், அழித்தேன் என்று படத்தோடு சொல்லிவிட்டால் போதும்.

இங்கே அந்தச் சிக்கலே தேவையில்லை. வெட்டும் சட்டத்தை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். தண்டில் பாதி போய்விடும். மிச்சம் இருப்பதை மெல்ல இருட்டாக்கினால் கண் அங்கே போகாது.

பிக்சல்பாண்டி

ரா கோப்பைத் திறந்துவிட்டேன். கோப்பில் இருப்பது நீங்கள் போட்ட படத்தைவிட எவ்வளவோ நல்ல படம்! நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஏன் என்பதைப் பாருங்கள்.

முதலில் எல்லா ஸ்லைடரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப் இறக்கினேன், ஹைலைட்ஸை (மிக வெளிச்சமான பகுதிகளை) அறுபது வரை இறக்கினேன். தொண்டைக்குக் கீழே இரண்டு பக்க ஓரங்களிலும் இறகு வரிகள் திரும்பி வந்தன. நடுமார்பில் கட்டைவிரல் நகம் அளவு ஓர் இடம் வரவே இல்லை. அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலுமே நிரம்பி வழிந்துவிட்டன, ரா கோப்பிலும் தகவல் கிடையாது. அங்கே ஹைலைட்ஸை நூறுக்கு இறக்கினால் விவரம் வராது, அழுக்குச் சாம்பல் திட்டுதான் வரும். அதனால் அதை வெள்ளையாகவே விட்டேன். சுற்றி இறகு தெரிந்தால் நடுவில் கொஞ்சம் வெள்ளை இருப்பதைக் கண் மன்னித்துவிடுகிறது.

அடுத்து நிறம். உங்கள் படத்தில் அடிவயிறு சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று ஒயிட் பேலன்ஸில் அடிவயிற்றைத் தொட்டிருப்பீர்கள். அதனால் வெயில் விழுந்த முதுகில் லேசான ஊதா ஏறிவிட்டது. தண்ணீருக்கு மேலே நிற்கும் பறவையின் அடிப்பக்கத்துக்கு வெளிச்சம் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. சிங்காநல்லூர்க் குளத்தில் ஆகாயத்தாமரையும் பாசியும் உண்டு. வயிற்றில் லேசான பச்சை படிவது இயல்பு. ஒயிட் பேலன்ஸை வெயில் விழும் தோள்பட்டை வெள்ளையை வைத்துப் பிடித்தேன், வயிற்றுப் பச்சையைத் தொடவில்லை. பறவை தண்ணீருக்கு மேலே இருக்கிறது என்ற உணர்வு அந்தப் பச்சையில்தான் வருகிறது.

பிறகு பிளாக்ஸ், அதாவது மிக இருண்ட பகுதிகள். நீங்கள் முப்பதுக்கு மேல் இறக்கியிருந்தீர்கள். நான் பூஜ்யத்தில் விட்டு ஷேடோஸை (நிழல் பகுதிகளை) மட்டும் இருபது ஏற்றினேன். கண் பட்டைக்குள் சின்ன பிரஷ் வைத்து அரை ஸ்டாப்புக்கும் குறைவாக ஏற்றினேன். ஒளிப்புள்ளி தானாக வெளியே வந்தது. இல்லாத இடத்தில் வெள்ளைப் புள்ளி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து அது வேண்டாம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் கிடைத்தது. நிழல் கொஞ்சம் திறந்ததும் மார்புப் பட்டைக்குக் கீழே இன்னொரு மெல்லிய கருப்புப் பட்டை தெரிகிறது. உங்கள் படத்தில் அதுவும் வயிற்று நிழலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஆணுக்கு இரண்டு பட்டை, பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் அறுந்திருக்கும். உங்கள் பறவை ஆண். பெண் என்று படத்தின் தலைப்பில் போட்டிருந்தீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஷார்ப்பனிங்: மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நகர்த்துங்கள். படம் கருப்பு வெள்ளையாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில்தான் ஷார்ப்பனிங் விழும். தண்ணீர் முழுக்கக் கருப்பாகி, பறவையின் இறகும் ஓரமும் மட்டும் வெள்ளையாக மிஞ்சும் வரை நகர்த்தினால் போதும். ரேடியஸை (ஓரத்தைச் சுற்றிக் கூராக்கும் அகலத்தை) ஒன்றுக்கு மேலே கொண்டுபோகாதீர்கள்.

நெல்லைப் புதுசு

படித்துக்கொண்டே வருகிறேன், நிறைய புரிகிறது. என்னிடம் லைட்ரூம் இல்லை. கூந்தங்குளத்தில் எடுத்த படங்கள் எல்லாம் ஜேபெக். இதையெல்லாம் செய்ய முடியுமா?

தாழைக்கோழி

டார்க்டேபிள் இலவசம், கணினியில் ரா திறக்கும். பழக ஒரு வாரம் முரண்டு பிடிக்கும், அப்புறம் சரியாகிவிடும். ஜேபெக்கில் வெளுத்த வெள்ளை திரும்பாது என்பதால் நீங்கள் எடுக்கும்போதே கொஞ்சம் இருட்டாக எடுங்கள். கூந்தங்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும்தானே அதிகம்? வெயிலில் முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். முடிந்தால் இன்றைக்கே கேமராவை ராவுக்கு மாற்றிவிடுங்கள். திருத்துவதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், கோப்பு இருந்தால் போதும்.

மன்னார்த்தீவு

வெள்ளைக்கு நீங்கள் சொன்னது போலவே சிவப்புக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மன்னாரில் மாரி காலத்தில் பூநாரைகள் வரும். கூட்டம் எழும்பும்போது இறக்கையின் உட்பக்கச் சிவப்பு பளீரென்று தெரியும். எங்கள் பொடியன்கள் அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் அந்தச் சிவப்பு ஒரே பூச்சாக இருக்கும், இறகு பிரிந்து தெரியாது. வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மொத்த வெளிச்சத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சிவப்பு சேனலைத் தனியே பார்த்தால் வலப்பக்கச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே சாச்சுரேஷனையும் ஏற்றினால் முடிந்தது.

இங்கே வருவது பெரும்பூநாரை. அதன் உடம்பு வெள்ளை, மிக மெல்லிய இளஞ்சிவப்பு படிந்த வெள்ளை. கரீபியன் பூநாரை போல முழுச் சிவப்பு இல்லை. ஆனால் திருத்திய படங்களைப் பார்க்கிற ஆள் மன்னாரில் கரீபியன் பூநாரை நிற்கிறதென்று நினைப்பார். நேரில் வந்து பார்த்துவிட்டு நிறம் மங்கல் என்று ஏமாற்றப்பட்டவர் போலப் பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த மெல்லிய நிறம்தான் அந்தப் பறவையின் அழகு.

மீன்கொத்தி நீலத்துக்கும் இதே கதைதான். வெண்தொண்டை மீன்கொத்தியின் முதுகு நீலத்தை ஏற்றிவிட்டு, இணையத்துக்கான எஸ்ஆர்ஜிபி நிற அளவுக்கு மாற்றினால் நீல சேனல் நிரம்பி, முதுகு பெயின்ட் அடித்தது போல ஆகும். நீல லூமினன்ஸை (நீலத்தின் வெளிச்சத்தை) சற்று இறக்கிப் பாருங்கள், இறகு பிரியும்.

தாழைக்கோழி

மன்னார்த்தீவு அண்ணா சொன்னதோடு சேர்த்து இதையும் எழுதிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

ஏஐ வைத்து நாய்ஸ் எடுக்கும் கருவிகள் இப்போது எல்லோரிடமும் இருக்கின்றன. 2023இல் லைட்ரூமுக்குள்ளேயே வந்துவிட்டது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஐஎஸ்ஓ 3200இல் எடுத்த காட்டுப் பறவைப் படங்களை அது காப்பாற்றுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பறவை சட்டகத்தில் சின்னதாக இருக்கும்போது, முழு அளவில் ஓட விட்டால், சில கருவிகள் இல்லாத இறகை வரைகின்றன.

பள்ளிக்கரணையில் ஒரு நண்பர் எடுத்த உள்ளான் படத்தைப் பெயர் கேட்டு அனுப்பினார். தூரத்தில் சேற்றில் நிற்கிறது. கொசு உள்ளானா, டெம்மிங்க் கொசு உள்ளானா என்பது கேள்வி. கொசு உள்ளானுக்குக் கால் கருப்பு, டெம்மிங்குக்கு மஞ்சள் கலந்த பச்சை. அனுப்பிய படத்தில் கால் கன்னங்கரேல், முதுகில் அழகாக ஓரம் வைத்த இறகுகள். நாங்கள் எல்லோரும் கொசு உள்ளான் என்றோம். மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினோம். அதில் முதுகு வெறும் மங்கலான பழுப்புச் சாம்பல், இறகு ஓரம் எதுவும் இல்லை. பிளாக்ஸைத் திருப்பியதும் கால் மஞ்சள் பச்சையாகத் தெரிந்தது. டெம்மிங்க்தான். கருவி முதுகில் கோடு போட்டிருக்கிறது, கான்ட்ராஸ்ட் காலைக் கருப்பாக்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு பறவையை இன்னொரு பறவையாக மாற்றிவிட்டன.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. நாய்ஸ் எடுத்த படத்தையும் எடுக்காத படத்தையும் நூறு சதவீதப் பெரிதாக்கலில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எடுக்காததில் மண்ணாகவாவது தெரியாத ஒரு கோடு, எடுத்ததில் தெளிவாகத் தெரிந்தால் அளவைக் குறைத்துவிடுவேன். பெயர் கேட்டு அனுப்பும் படத்தோடு மூலத்தையும் வைத்து அனுப்புங்கள்.

சூலூர்வாசி

இரண்டாவது முயற்சி. ரா கோப்பிலிருந்து முதலிலிருந்து செய்தேன், 4:5, 1200 பிக்சல் உயரம். நாணலை அழிக்கவில்லை, சட்டத்தை நகர்த்தினேன். படத்தின் தலைப்பில் ஆண் என்று மாற்றிவிட்டேன்.

[படம் 2]

வரப்போரம்

பறவை இப்போது காற்றில் நிற்கிறது! கீழே இடம் விட்டதும் பார்வை எங்கே போகிறது என்று தெரிகிறது. பட்டை இரண்டும் சுத்தம். மொத்தப் படமும் கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே, இரவில் உட்கார்ந்து செய்தீர்களா? திரை முழு வெளிச்சத்தில் இருந்தால் படம் திரையில் பளிச்சென்று தெரியும், நாம் இறக்கிக்கொண்டே போவோம். மானிட்டர் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தாளும் திரையின் வெள்ளையும் ஒத்துப்போகும் வரை திரையைக் குறையுங்கள். அறை விளக்கு எரியட்டும்.

பிக்சல்பாண்டி

வெள்ளை இழை போய்விட்டது. முக்கோணமும் சரி. தண்ணீரில் இன்னும் அந்தப் பிளாஸ்டிக் தன்மை கொஞ்சம் இருக்கிறது. நாய்ஸ் குறைப்பைப் பாதியாக்குங்கள், பின்னணியில் மெல்லிய மணல் இருக்கட்டும். பறவை மேல் இருக்கும் மணலும் தண்ணீர் மேல் இருக்கும் மணலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் இரண்டும் ஒட்டும்.

கரைமேடு

நல்ல முன்னேற்றம் சூலூர்வாசி. இன்னும் கிட்டத்தில் வேண்டும் என்றால் ஒரு யோசனை. மண் கரை செங்குத்தாக இருக்கும் இடத்தில் இந்தப் பறவை வளை தோண்டிக் கூடு வைக்கும். வளையைக் கண்டுபிடித்து எதிரே மறைவுத்துணி போட்டு உட்கார்ந்தால், மீனோடு திரும்பத் திரும்ப வரும். வெட்டவே தேவையில்லாத படம் கிடைக்கும்.

வரப்போரம்

வேண்டாம் தம்பி. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன். வளைக்கு எதிரே மனிதர் உட்கார்ந்தால் பறவை அலகில் மீனோடு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும், உள்ளே போகாது. உள்ளே குஞ்சு பசியோடு கிடக்கும். நாம் போய்வந்த தடத்தைப் பார்த்து நாயும் கீரியும் வரும். படத்தில் இடத்தின் பெயரையும் போட்டுவிட்டால் மறுவாரம் பத்துப் பேர் வருவார்கள்.

வேடந்தாங்கல் மாதிரி இடம் வேறு. அங்கே தலைமுறை தலைமுறையாக ஊர் மக்கள் காப்பாற்றிய ஏரி, கூடுகள் தண்ணீருக்கு நடுவே கடம்ப மரங்களில், நாம் தூரத்தில் கரைமேல் நிற்கிறோம். நாரைகள் நம்மைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு தனி இணையின் வளைக்கு முன்னால் போய் உட்காருவதை அதோடு ஒப்பிட முடியாது.

கிட்டத்தில் வேண்டும் என்றால் அது வழக்கமாக உட்காரும் மின்கம்பியையோ பட்ட கிளையையோ கவனியுங்கள். மீன் பிடித்ததும் அங்கேதான் வந்து அடித்துத் தின்னும். கூட்டிலிருந்து விலகிய கிளையாகத் தேர்ந்தெடுத்து, வெயில் ஏறுவதற்கு முன்பே போய் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதுவே நம்மைப் பழகிக்கொள்ளும். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் கானல் ஆடும், எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் இறகு குழையும். அதை எந்தத் திருத்தமும் மீட்காது.

கரைமேடு

புரிகிறது அக்கா. அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். கிளைதான் சரி.

மன்னார்த்தீவு

பறவை கழுத்தை நீட்டி, உடம்பை ஒடுக்கி, தலையை ஆட்டத் தொடங்கினால் நாம் கிட்டே போய்விட்டோம் என்று பொருள். அப்போதே இரண்டடி பின்னால் வரவேண்டும். கரைப் பறவைகளும் அப்படித்தான். கூட்டம் முழுக்க ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் அடுத்தது எழும்பும்.

சூலூர்வாசி

மூன்றாவது. திரையைத் தாளோடு ஒப்பிட்டுக் குறைத்துவிட்டு, காலையில் அறை வெளிச்சத்தில் செய்தேன். எக்ஸ்போஷர் மூன்றில் ஒரு ஸ்டாப் ஏறியது. நாய்ஸ் குறைப்பு பாதி.

[படம் 3]

நேற்று மறுபடியும் குளத்துக்குப் போனேன். உண்ணிக்கொக்கை வைத்து அளவு பிடித்தேன், 1/3200, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 640இல் சிமிட்டல் நின்றது. மீன்கொத்தி தூரத்தில்தான் இருந்தது, படம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் மார்பில் இறகு இருக்கிறது.

பிக்சல்பாண்டி

இதுதான் படம். ஒன்றே ஒன்று, அலகு நுனிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் வட்டம் இருக்கிறது. சென்சார் தூசி. உங்கள் ரா கோப்பிலும் அதே இடத்தில் பார்த்தேன். அதை மட்டும் எடுத்துவிடுங்கள், கேமராவையும் ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் வானத்தை எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் வரும்.

வரப்போரம்

தூசியை எடுத்ததும் ஈபேர்டில் ஏற்றுங்கள் சூலூர்வாசி. ஆண் என்று குறிப்பிடுங்கள், மேலே பெயர் முத்திரை எதுவும் வேண்டாம். நேற்று எடுத்த தூரத்துப் படத்திலும் ஒன்றை இங்கே போடுங்கள், அந்த வெளிச்சத்தில் பட்டை எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.